கணினியில் எழுப்பும் ஒலி கரகரப்பது ஏன்?



கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை, கம்பளை என்று எங்கே இருந்தாலும் நமக்கெல்லாம் பழக்கமான சத்தம் ஒன்று உண்டு. மேட்டுப் பாதையில் மூச்சு வாங்க ஏறி வரும் பாண் முச்சக்கர வண்டியின் பாட்டுத்தான் அது. ‘சூன் பாண்’ வருகிறது என்று பிள்ளைகள் காசு கேட்டு ஓடி வருவார்கள். நாடு முழுவதும் இந்த வண்டிகளில் மிக அதிகமாக ஒலிப்பது ஜெர்மன் இசைமேதை பேத்தோவன் 1810ஆம் ஆண்டில் எழுதிய ‘ஃபூர் எலீஸ்’ என்ற மெட்டு. ‘எலீசுக்காக’ என்பது அதன் பொருள். அவர் 1827இல் இறந்தார். மெட்டு அச்சில் வந்ததோ 1867இல்தான்.

அதே மெட்டைப் பியானோவில் வாசித்தால் பூப்போல மென்மையாக இருக்கும். வண்டியில் கேட்டால் காதைக் குத்தும். சுரங்கள் மாறவில்லை, வரிசையும் மாறவில்லை. பிறகு ஏன் ஒன்று இனிக்கிறது, மற்றது உறைக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், இன்று பல வீடுகளில் நடக்கும் ஒரு சிறிய போராட்டத்துக்கும் விடை கிடைத்துவிடும்.

உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் பிள்ளைகள் பைதன் என்ற கணினி மொழியைப் படிக்கிறார்கள். அதில் கொஞ்சம் கை பழகியதும் பல பிள்ளைகள் செய்து பார்க்க விரும்புவது ஒலி எழுப்பும் செய்நிரல். ஒரு சுரம், பிறகு இரண்டு சுரம், பிறகு ஒரு மெட்டு. ஆனால் பொத்தானை அழுத்தினால் வருவது குழலோசை அல்ல, தகரத்தைச் சுரண்டும் சத்தம். பிள்ளை இரண்டு நாள் முயன்று பார்க்கும். மூன்றாம் நாள், “இது எனக்குச் சரிவராது” என்று மூடி வைத்துவிடும். பெண்பிள்ளையாக இருந்தால் வீட்டில் உள்ளவர்களும் “இதெல்லாம் உனக்கு எதற்கு?” என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுவார்கள்.

சகோதரிகளே, அந்த நேரத்தில் தாயாகிய நீங்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். உங்களுக்குப் பைதன் தெரிய வேண்டியதில்லை. சத்தத்தைக் கேட்டு அது எந்த வகைக் கரகரப்பு என்று பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது. கறியை வாயில் வைத்ததும் உப்புக் கூடியதா, அடிப்பிடித்ததா, மிளகாய்த்தூள் பச்சை வாசம் போகவில்லையா என்று சொல்லக்கூடியவர்கள் நீங்கள். காதுக்கும் அந்தப் பழக்கம் வரும்.

ஒலி எப்படி எண்ணாகிறது?

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருந்து ஒரு பக்கம் போய், மெல்ல நின்று, திரும்பி மறுபக்கம் போய் வருகிறது. ஒலி எழும்போது ஸ்பீக்கரின் தாளும் இப்படித்தான் முன்னும் பின்னும் ஆடுகிறது. ஒரு செக்கனில் எத்தனை தடவை ஆடுகிறதோ அதுவே மீடிறன். அதை ஹேர்ட்ஸ் என்ற அலகால் சொல்வார்கள். செக்கனுக்கு 440 தடவை ஆடினால் 440 ஹேர்ட்ஸ். வாத்தியங்களுக்குச் சுருதி சேர்க்க உலகமெங்கும் வைத்திருக்கும் அளவு இது. ஊஞ்சல் எவ்வளவு தூரம் போய் வருகிறது என்பது வீச்சம். அது கூடினால் சத்தம் கூடும்.

கணினிக்கு ஊஞ்சல் தெரியாது, எண் மட்டுமே தெரியும். ஆகவே ஊஞ்சல் ஒவ்வொரு கணத்திலும் எங்கே இருக்கிறது என்று எண்களை வரிசையாக எழுதிக் கொடுக்கிறோம். 1982இல் விற்பனைக்கு வந்த இசைத்தட்டான சீடீயில் ஒரு செக்கனுக்கு 44,100 எண்கள். ஒவ்வோர் எண்ணும் 16 பிட் அளவுள்ள சிறு பெட்டியில் அடங்க வேண்டும். அந்தப் பெட்டிக்குள் -32,768 முதல் 32,767 வரையான எண்களே கொள்ளும். சீடீயின் காலம் குறைந்து போனாலும் இந்தக் கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகள் எழுதும் செய்நிரல்களில் மிகுதியாகக் காணப்படுவதும் இதுதான்.

மெதுவாகப் போய் மெதுவாகத் திரும்பும் ஊஞ்சலின் பாதையை வரைந்தால் வளைந்து நெளியும் ஒரு கோடு வரும். இதைச் சைன் வளையி என்பார்கள். இதில் ஒரேயொரு சுரம் மட்டும் இருக்கும். மிகச் சுத்தமான ஒலி இதுவே.

ஊஞ்சல் ஆடாமல், இந்த முனையில் நின்று திடீரென்று அந்த முனைக்குத் தாவினால் எப்படி இருக்கும்? வரைந்தால் மதில் போல் சதுரமாக வரும். வாழ்த்து மடலைத் திறந்ததும் பாடும் சிறிய சில்லும், பழைய வாசல் மணியும் இப்படித்தான் ஒலி எழுப்பின. எலீசின் மெட்டும் அத்தகைய சில்லுகளில் வந்தது. சதுர அலையில் ஒரு சுரம் கேட்டால் அதனுடன் கேளாத விருந்தாளிகளும் வந்துவிடுவார்கள். 440 ஹேர்ட்ஸ் கேட்டால் 1,320, 2,200, 3,080 என்று அதன் மூன்று மடங்கும், ஐந்து மடங்கும், ஏழு மடங்கும் சேர்ந்து ஒலிக்கும். இவற்றை மேற்றொனிகள் என்கிறோம். காதைக் குத்துவது இந்த விருந்தாளிகள்தான். பாண் வண்டியில் என்ன கருவி பூட்டியிருந்தாலும், சிறிய கூம்பு ஸ்பீக்கரை அதன் சக்திக்கு மேல் அலறவிடும்போது அலையின் தலை தட்டையாகிச் சதுரத்தை நெருங்குகிறது. மென்மையான மெட்டு உறைப்பது அதனால்தான்.

முதல் வேலை சத்தத்தைக் குறைப்பது

பிள்ளையின் செய்நிரல் கரகரத்தால், ஒரு வரியையும் மாற்ற முன்னர் கணினியின் சத்தத்தைக் கால்வாசிக்குக் குறைக்கச் சொல்லுங்கள். இப்போது கரகரப்பு மறைந்துவிட்டால் குற்றம் ஸ்பீக்கரில். அது தாங்கக்கூடிய அளவைவிடக் கூடுதலாகக் கேட்டிருக்கிறோம், அவ்வளவுதான். சத்தம் சிறிதாகியும் கரகரப்பு அதே விகிதத்தில் இருந்தால் குற்றம் எண்களில் இருக்கிறது. இனிச் செய்நிரலைப் பார்க்கலாம்.

மடிக்கணினியின் ஸ்பீக்கரும் கைத்தொலைபேசியின் ஸ்பீக்கரும் மிகச் சிறியவை. 100 ஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த சுரத்தை அவற்றால் ஒழுங்காக எழுப்ப முடியாது. கேட்காது, அல்லது உறை அதிர்ந்து சத்தமிடும். பரிசோதனைக்கு 400 முதல் 1,000 ஹேர்ட்ஸ் வரையான சுரம் நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு புதிய செய்நிரலை ஓடவிட ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். ஓர் எண் தவறினாலும் முழுச் சத்தமும் நேரே செவிப்பறையில் அடிக்கும். பாட்டில் சத்தம் ஏறி இறங்கும். சோதனைச் சுரமோ இடைவெளி இல்லாமல் ஒரே அளவில் அடிக்கும். ஹெட்போனை மேசையில் வைத்து, எட்ட இருந்து கேட்டு, அளவு சரி என்று கண்ட பின்னரே மாட்ட வேண்டும். பிள்ளைகள் வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்பதானால் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அளவுகோல். வளர்ந்தவர்களுக்கு அது 80 டெசிபல்.

பாத்திரம் நிரம்பி வழிந்தால்

எண்களில் உள்ள குற்றங்களுள் முதலில் தேட வேண்டியது இது. பெட்டியில் 32,767 வரைதான் கொள்ளும் என்றோம். பிள்ளை 40,000 என்று எழுதினால் என்ன ஆகும்?

இரண்டில் ஒன்று நடக்கும. சில கருவிகள் 32,767இலேயே வெட்டி நிறுத்திவிடும். அலையின் தலை சீவப்பட்டுத் தட்டையாகும். பாண் வண்டியின் உறைப்பு வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். வேறு சில கருவிகளில் எண் சுற்றிக்கொண்டு மறுபக்கத்தால் வரும். கிலோமீற்றர் மானி கடைசி எண்ணைத் தாண்டியதும் மறுபடி பூச்சியத்தில் தொடங்குவது போல, 40,000 என்று எழுதியது -25,536 ஆகிவிடும். ஊஞ்சலின் உச்சியில் இருந்தவரை யாரோ பிடித்து மறுமுனைக்கு வீசியது போன்றது இது. அப்போது வருவது துணியைக் கிழிப்பது போன்ற கொடூரமான சத்தம்.

ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும்போது சுத்தமாக இருந்து, இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்ததும் கிழிகிறதா? அப்படியானால் சந்தேகமே வேண்டாம், வழிந்துவிட்டது. ஒரு கோப்பை பாலும் ஒரு கோப்பை தேயிலைச் சாயமும் ஒரே கோப்பையில் கொள்ளுமா? இரண்டையும் பாதியாக்கித்தான் ஊற்ற வேண்டும். மூன்று சுரம் என்றால் ஒவ்வொன்றையும் மூன்றில் ஒன்றாக்க வேண்டும். ஒரு சுரமே ஆனாலும் பெட்டியின் விளிம்புவரை நிரப்பாமல், பாதி அளவில் வைத்திருப்பது நல்ல பழக்கம்.

இதே குற்றத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. சில கருவிகள் முழு எண்ணை எதிர்பார்ப்பதில்லை. -1 முதல் 1 வரையான தசம எண்களையே கேட்கும். அவற்றுக்கு 32,767 வரையான எண்களை அப்படியே கொடுத்தால், எல்லாம் விளிம்பைத் தாண்டி, அழகிய சைன் வளையி முழுவதும் சதுரமாகிவிடும். தேக்கரண்டியால் அளந்து போடச் சொன்ன உப்பைக் கோப்பையால் அளந்து போட்ட கதைதான். “உன் கருவி எந்த அளவைக் கேட்கிறது?” என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

‘டக் டக்’ என்ற சத்தம்

சுரம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் தொடங்கும்போதும் முடியும்போதும் ‘டக்’ என்று கேட்கிறது. இது வேறு நோய்.

ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கும்போது நடுவழியில் சட்டென்று பிடித்து நிறுத்தினால் அதிர்ச்சி இருக்குமல்லவா? சுரத்தை அலையின் நடுவில் வெட்டினால் வருவது அந்த அதிர்ச்சி. தொடக்கத்தில் வீச்சத்தைப் பூச்சியத்திலிருந்து மெல்ல ஏற்றி, முடிவில் மெல்ல இறக்க வேண்டும். ஒரு செக்கனில் நூறில் ஒரு பங்கு நேரம் போதும். 44,100 எண்களில் 441 எண்கள் மட்டுமே. அடுப்பைக் கூட்டிக் குறைப்பது போன்ற சின்ன வேலை. பலனோ பெரிது.

சில நேரம் இந்த ‘டக்’ ஒன்றிரண்டாக வராமல் தொடர்ந்து வந்து, சுரத்தின் அடியில் ஓர் இரைச்சலாகவே கேட்கும். கணினி ஒலியைத் துண்டு துண்டாக அனுப்புகிறது. ஒரு துண்டில் 1,024 எண்கள் என்று வைத்துக்கொள்வோம். செக்கனுக்கு 44,100 என்றால் ஏறக்குறைய 43 துண்டுகள். 440 ஹேர்ட்ஸ் சுரம் ஒரு துண்டுக்குள் பத்துத் தடவை ஆடி, பதினொன்றாவது ஆட்டத்தின் தொடக்கத்தில் இருக்கும்போது துண்டு முடிந்துவிடுகிறது. அடுத்த துண்டை மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கினால் தையல் பிசகுகிறது. செக்கனுக்கு 43 பிசகல்! தைக்கத் தெரிந்த உங்களுக்கு விளக்க வேண்டுமா? முதல் துண்டின் பூவேலை எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்திலிருந்தே அடுத்த துண்டை ஒட்ட வேண்டும். அலை எந்தக் கோணத்தில் நின்றது என்பதைச் செய்நிரல் நினைவில் வைத்துத் தொடர வேண்டும். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இடைவெளியின்றி மாறும்போதும் இதே விதிதான்.

‘டக்’ ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் கணினிக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள். வேறு வேலைகள் திறந்திருப்பதால் எண்களை நேரத்துக்கு அனுப்ப முடியவில்லை. ஒலியை நேரே எழுப்பாமல் முதலில் ஒரு கோப்பாகச் சேமித்து, பிறகு அதைப் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். கோப்பு சுத்தமாக ஒலித்தால் கணக்கில் பிழையில்லை, அனுப்பும் வழியில்தான் நெருக்கடி.

கேளாத சுரம் கேட்டால்

உயர்ந்த சுரத்தைக் கேட்க, தாழ்ந்த சுரம் வருகிறதா? இதுதான் பிள்ளைகளை மிகவும் குழப்பும் குற்றம்.

சுழலும் மின்விசிறியைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். சில நேரம் அது பின்னோக்கி மெதுவாகச் சுழல்வது போல் தோன்றும். கமெரா எடுக்கும் படங்கள் அந்த வேகத்துக்குப் போதாமையால் வரும் மயக்கம் அது. ஒலிக்கும் இந்த மயக்கம் உண்டு. செக்கனுக்கு எத்தனை எண்கள் எழுதுகிறோமோ, அதில் பாதிக்குக் குறைந்த மீடிறனை மட்டுமே ஒழுங்காகக் காட்ட முடியும். ஹரி நைகுவிஸ்ட் 1928இல் தந்திச் செய்திகளை ஆராய்ந்தபோது இதன் அடிப்படையைக் கண்டார். குளோட் ஷனன் 1949இல் வெளியிட்ட கட்டுரையில் முழுமையாக நிறுவிக் காட்டினார்.

பழைய தொலைபேசித் தொடர்புகளில் செக்கனுக்கு 8,000 எண்கள் என்பது வழக்கம். பிள்ளையும் கோப்பு சிறிதாக இருக்கட்டும் என்று 8,000 வைத்துவிட்டு, 5,000 ஹேர்ட்ஸ் சுரத்தை எழுப்பப் பார்க்கிறது. வருவது 3,000 ஹேர்ட்ஸ். 8,000இலிருந்து 5,000 போக மிச்சம் அது. 6,000 கேட்டால் 2,000 வரும். சதுர அலையாக இருந்தால் இன்னும் மோசம். அதன் மேற்றொனிகள் எல்லாம் எல்லையைத் தாண்டிப் போய், மடங்கித் திரும்பி, மெட்டோடு ஒட்டாத சுரங்களாக வந்து விழும். மேலே போகப் போக மெட்டு அபசுரமாகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். மருந்து எளிது. செக்கனுக்கு 44,100 எண்கள் எழுதச் சொல்லுங்கள். சைன் அலையையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

எழுத்துப் பிழைகள் மூன்று

மேலே சொன்ன எதுவும் இல்லை என்றால் இந்த மூன்றையும் பார்க்கலாம்.

ஒன்று, கோணத்தின் அலகு. வகுப்பில் 90 பாகை, 180 பாகை என்று படித்த பிள்ளை அதையே பைதனுக்கும் கொடுத்துவிடும். பைதனின் சைன் சார்பு ஆரையனைக் கேட்கிறது. ஒரு முழுச் சுற்று 360 பாகை, ஆரையனில் ஏறக்குறைய 6.283. அலகு மாறினால் சுரம் மாறும், மயக்கச் சுரங்களும் வரும்.

இரண்டு, எண்ணிக்கை பற்றிய பொய். 44,100 என்று கணக்கிட்டு எழுதிய கோப்பின் தலைப்பில் 22,050 என்று குறித்துவிட்டால், 440 ஹேர்ட்ஸ் சுரம் 220ஆகத் தாழ்ந்து, ஒரு செக்கன் ஒலி இரண்டு செக்கனுக்கு இழுபடும். இதில் கரகரப்பு இல்லை. மெட்டு சோம்பலாக ஒலித்தால் இதைப் பாருங்கள்.

மூன்று, 8 பிட் கோப்பு. வேவ் என்ற வகைக் கோப்பில் 16 பிட் எண்களுக்கு நடுப்புள்ளி பூச்சியம். 8 பிட் எண்களுக்கோ 0 முதல் 255 வரைதான், மௌனத்தின் இடம் 128. இது தெரியாமல் பூச்சியத்தை நடுவாக வைத்து எழுதினால் அலை இரண்டாகப் பிளந்து அலறும்.

கண்ணாலும் பார்க்க விரும்பினால் ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2000ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கிறது. கோப்பை அதில் திறந்து பெரிதாக்கிப் பார்த்தால் தலை சீவிய அலையும், தையல் பிசகிய இடமும் கண்ணுக்கே தெரியும்.

எதைத் திருத்தினாலும் ஒரு தடவையில் ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். உப்பும் புளியும் தேங்காய்ப்பாலும் ஒன்றாகக் கூட்டிவிட்டு, எது கெடுத்தது என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்?

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்?

ஒரு பிள்ளையின் பாட வேலை சரியாக வருவது நல்லதுதான். அதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று வீட்டிலேயே கணினியாலும் கைத்தொலைபேசியாலும் சோதித்துப் பார்க்க விரும்பும் தாய்மார் உண்டு. “உயர்ந்த சுரம் போடு, கேட்டால் கையைத் தூக்கட்டும்” என்பார்கள். பிள்ளை கையைத் தூக்கும். தாயின் மனம் ஆறும்.

ஆனால் பிள்ளை கேட்டது எதை? 6,000 ஹேர்ட்ஸ் என்று நினைத்துப் போட்டது மடங்கி 2,000ஆக ஒலித்திருக்கலாம். சுரமே கேட்காமல், தொடக்கத்தில் வந்த ‘டக்’ கேட்டிருக்கலாம். அந்த ஒரு ‘டக்’கில் எல்லா மீடிறன்களும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும். தாழ்ந்த சுரத்தைச் சோதிக்கும்போதோ தலை சீவப்பட்ட அலையின் மேற்றொனிகள் கேட்டிருக்கலாம். கரகரக்கும் கருவி பொய்ச் சாட்சி சொல்லிவிடுகிறது. குறையுள்ள பிள்ளை ‘நன்றாகக் கேட்கிறது’ என்ற பெயரோடு போய்விடுகிறது.

உயர்ந்த சுரங்கள் மட்டும் கேட்காத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பும். பேசினால் பதில் சொல்லும். உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த மீடிறன்களில் இருப்பதால் அவை நன்றாகக் கேட்கும். ‘ஸ’, ‘ஷ’, ‘ஃப’ போன்ற காற்றொலிகள் உயர்ந்த மீடிறன்களில் இருக்கின்றன. அவைதான் நழுவிப் போகும். குர்ஆன் மத்ரஸாவில் ஸீனையும் ஸாவையும் பிரித்துச் சொல்ல முடியாமல் அந்தப் பிள்ளை திணறும். பாடசாலையில் சொல்வதெழுதலில் எழுத்துகளை விடும். “கவனமில்லை”, “சோம்பேறி” என்ற பெயர் வரும். அடியும் விழலாம். நாக்கில் குற்றம் தேடுகிறோம், குற்றம் காதில் இருக்கிறது.

எலீசின் மெட்டை எழுதிய பேத்தோவனுக்கும் இதுதான் நடந்தது. முப்பது வயதுக்குள்ளேயே அவருடைய செவி மங்கத் தொடங்கியது. 1802இல், அன்று வியன்னாவுக்கு அருகில் இருந்த ஹைலிகன்ஸ்டாட் என்ற ஊரிலிருந்து சகோதரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தன்னை மனிதரை வெறுப்பவன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், காது கேட்காததைச் சொல்ல வெட்கப்பட்டே ஒதுங்கியிருக்கிறேன் என்ற வேதனை அதில் இருக்கிறது. கடிதத்தை அவர் அனுப்பவில்லை. இறந்த பிறகே பிறர் கண்டெடுத்தார்கள். வளர்ந்த மனிதருக்கே சொல்ல நா எழவில்லை என்றால், ஏழு வயதுப் பிள்ளை எப்படிச் சொல்லும்? தனக்குக் கேட்காத ஓசை ஒன்று உலகில் இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாதே!

ஆகவே சந்தேகம் இருந்தால் வீட்டுச் சோதனையோடு நிற்காதீர்கள். கண்டி தேசிய வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். தூரத்தில் இருப்பவர்கள் அருகிலுள்ள வைத்தியரிடம் காட்டிக் கடிதம் பெற்றுக்கொள்ளலாம். செவிப்புலச் சோதனையை அமைதியான அறையில், அளவு சரிபார்த்த கருவியால் செய்வார்கள். 250 முதல் 8,000 ஹேர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுத்தமான சுரமாகக் கொடுத்து, பிள்ளைக்குக் கேட்கும் மிகச் சிறிய அளவைக் குறிப்பார்கள். பிள்ளைகளின் செவி மந்தத்துக்குக் காதில் அடைத்த அழுக்கும், செவிப்பறையின் பின்னால் தேங்கிய நீரும் சாதாரணக் காரணங்கள். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. வேறு குறையாக இருந்தாலும் நேரத்தோடு கண்டால் செவிப்புலக் கருவி கொடுத்துப் படிப்பைக் காப்பாற்றலாம். ஆண்டுகள் கடந்த பின் கண்டால், இழந்த பாடங்களைத் திருப்பிப் பெறுவது கடினம்.

சகோதரிகளே, சுருக்கமாக மறுபடி சொல்கிறேன். வெட்டி, அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

சத்தத்தைக் குறைத்ததும் கரகரப்பு போனால் குற்றம் ஸ்பீக்கரில்.

சுரங்களைச் சேர்த்ததும் கிழிந்தால் வீச்சத்தைக் குறைக்க வேண்டும்.

தொடக்கத்திலும் முடிவிலும் ‘டக்’ என்றால் மெல்ல ஏற்றி மெல்ல இறக்க வேண்டும்.

அடியில் தொடர்ந்து இரைச்சல் என்றால் துண்டுகளின் தையலைப் பார்க்க வேண்டும்.

உயரே போன சுரம் தாழ்ந்து வந்தால் செக்கனுக்கு எழுதும் எண்களைக் கூட்ட வேண்டும்.

பிள்ளைக்குக் கேட்கிறதா என்ற சந்தேகம் என்றால் கணினியை மூடிவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இன்றிரவு பிள்ளை கணினியின் முன்னால் முகத்தைச் சுருக்கிக்கொண்டு இருந்தால், ஒரு கோப்பைத் தேநீரோடு போய் உட்காருங்கள். “எங்கே, போட்டுக் காட்டு பார்க்கலாம்” என்று கேளுங்கள். உங்கள் காது அதற்குப் பெரிய துணை.